வகுப்பறைச் சீண்டலும் ஒத்துணர்வும்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தரம் 6 முதல் 9 வரை படிப்பிக்கும் ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பயிற்சிப் பட்டறைகளில் 'புல்லியிங்' என்று சொல்லப்படுவதைச் சீண்டல் என்றே எழுதுகிறேன். ஒத்துணர்வு என்பது, மற்றவருக்கு எப்படியிருக்கும் என்று அவர் இடத்தில் நின்று உணர்வது. எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இல்லை.

பகிடி எங்கே முடிகிறது, சீண்டல் எங்கே தொடங்குகிறது?

1970களிலேயே இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமில்லாதிருப்பது. மூன்றாவதைத்தான் நாங்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். பலம் கையில் மட்டும் இருப்பதில்லை. பின்னால் நின்று சிரிக்க ஆறு பேர் இருப்பது பலம். அம்மா அதே பாடசாலையில் ரீச்சராக இருப்பது பலம். ரவுண் பாடசாலையில் ரவுண் பிள்ளையாக இருப்பதே ஒரு பலம்தான்.

இரண்டு பொடியன்கள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று பிடுங்குப்பட்டு மண்ணில் உருண்டால் அது சண்டை. விலக்கிவிட்டால் நாளைக்கு இருவரும் ஒரே பக்கத்தில் விளையாடுவார்கள். ஒருவனுக்கு ஒவ்வொரு இடைவேளையிலும் பட்டம் தெளித்து (பட்டப்பெயர் சொல்லிக் கத்தி), சுற்றி நிற்பவர்கள் சிரித்து, அவன் திருப்பிச் சொல்ல வாயில்லாமல் நின்றால் அது சீண்டல். பகிடியென்றால் பக்கம் மாறும்: இன்றைக்கு நான் உன்னை, நாளைக்கு நீ என்னை. எப்போதும் ஒரே பிள்ளை மீதே விழுமானால், "சும்மா பகிடிக்குத்தான் சேர்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

இன்னொன்று: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனங்களுக்காக வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையை அதைக் காட்டி மிரட்டுவதில் பொருளில்லை.

எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள்?

ஆசிரியர் அறைகளில் திரும்பத் திரும்ப வரும் கதைகளை வைத்துப் பார்த்தால், முதலில் புதிதாக வந்த பிள்ளை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து, கடல் பக்கமான எழுவான்கரையின் பெரிய பாடசாலைக்குத் தரம் 6இல் வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஊரில் அவள் கெட்டிக்காரி, பந்தல் போட்டுப் பாராட்டியிருப்பார்கள். இங்கே முதல் கிழமையே அவள் "மறுகா வாறன்" (பிறகு வருகிறேன்) என்று சொல்வதை நாலுபேர் பழித்துக் காட்டுகிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்த தூக்கம், சப்பாத்தில் வயல் வரம்புச் சேறு, மத்தியானம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவதி. அவளால் மாலை வகுப்புக்கு நிற்க முடியாது. ஆகவே கூட்டும் சேராது. கூட்டில்லாத பிள்ளையைச் சீண்டுவது எளிது.

அடுத்து, அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளை. அம்மம்மாவோடு வளரும் பிள்ளையிடம் "உன்ட அம்மா வருவாவா, மாட்டாவா" என்று கேட்கும் வாய் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து பழகிய வாய். 2004 கடல்கோளுக்குப் பிறகு நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் இருந்து இடம்மாறிப் போன பிள்ளைகளையும் புதிய பாடசாலைகளில் இப்படித்தான் 'முகாம் பிள்ளை' என்று பிரித்துப் பார்த்தார்கள். நிறம், உடம்பு, திக்குவாய், மெலிந்த குரல் உள்ள ஆண்பிள்ளை, மெதுவாக வாசிக்கும் பிள்ளை, இவற்றை நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும், தாங்கப் பழகட்டும் என்கிறார்களே?

யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட கணக்கில், உலக மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதற்கு முந்திய மாதத்தில் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார். அப்படியானவர்கள் பாடசாலைக்கு வராமல் நிற்பதும் மற்றவர்களைவிட அதிகம். பிள்ளை தாங்கப் பழகுவதற்கு முன்னே காய்ச்சல் என்று சொல்லப் பழகிவிடுகிறது.

சீண்டுகிற பிள்ளையைத் திருத்தினால் போதாதா? வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

என் பதிலில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சீண்டுபவர் ஒருவர், கூடப்போனால் மூவர். சீண்டப்படுபவர் ஒருவர். மற்றவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. பின்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் கூட்டாளிகளும் 1996இல் அவர்களை எடுத்துப் பார்த்தார்கள். சிலர் சீண்டுபவருக்குக் கைகொடுக்கிறார்கள், பையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சிலர் கைவைப்பதில்லை, ஆனால் பெரிதாகச் சிரிப்பார்கள், கிட்ட வந்து நின்று பார்ப்பார்கள். சிலர் ஒதுங்கிப் போவார்கள். இன்னும் சிலர் சீண்டப்படும் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பார்கள். சீண்டுபவருக்கு வேண்டியது அந்தப் பிள்ளையின் கண்ணீர் இல்லை, சுற்றி எழும் சிரிப்பு. சிரிப்பு கிடைக்காத இடத்தில் அதே ஆட்டத்தை ஒருவன் எத்தனை நாள் ஆடுவான்?

கனடாவின் ரொறன்ரோப் பாடசாலைகளில் விளையாட்டிடங்களை ஒளிப்பதிவு செய்து பார்த்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக் காட்டியது. சீண்டல் நடந்த பத்துத் தடவைகளில் ஏறக்குறைய ஒன்பதில் மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். யாராவது தலையிட்டது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் தலையிட்டவற்றில் பாதிக்கு மேல் பத்து வினாடிக்குள் நின்றுபோனது. பத்து வினாடி! ஆசிரியர் அறையிலிருந்து எழும்பி வருவதற்குள் முடிந்துவிடுகிற விஷயம்.

நோர்வேயில் சீண்டலோடு தொடர்புபட்டதெனக் கருதப்பட்ட சிறுவர் மூவரின் மரணத்தை அடுத்து 1983இல் அரசே நாடளாவிய தடுப்பு முயற்சியைத் தொடங்கியது. அதன் அடி ஒல்வேயஸின் வேலை. பின்லாந்தில் சல்மிவல்லி தலைமையில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009இலிருந்து நாடெங்கும் பரவியது. அது நேரடியாகப் பார்வையாளர்களையே குறிவைத்தது. அந்த நாடுகளின் வசதி நமக்கில்லை என்பார்கள். சரிதான். ஆனால் சிரிக்காமலிருப்பதற்கு எந்த வசதியும் தேவையில்லை.

அப்படியானால் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

வீரம் கேட்காதீர்கள். "பிழையைக் கண்டால் எதிர்த்து நில்" என்று சொல்லி அனுப்பினால், எதிர்க்கத் துணிவில்லாத பிள்ளை குற்றவுணர்வோடு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். சின்ன வேலைகளைக் கொடுங்கள். சிரிக்காமல் இருப்பது ஒன்று. "வாடா, பந்து விளையாட ஆள் காணாது" என்று அந்தப் பிள்ளையை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டு போவது இன்னொன்று. இதில் சீண்டுபவரோடு மோதலே இல்லை, அதனால் பயந்த பிள்ளையும் செய்யும். பிறகு, இடைவேளை முடிந்து பக்கத்தில் போய் இருப்பது. நடந்ததைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் போதும்.

கடைசியாக, பெரியவரிடம் சொல்வது. இங்கேதான் சிக்கல். "கோள் சொல்லாதே" என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லியே வளர்க்கிறோம். பிள்ளைக்குப் புரியும்படி இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்: ஒருவரை மாட்டிவிடச் சொன்னால் கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொன்னால் உதவி. இதைச் சொல்லிவிட்டு, பிள்ளை வந்து சொல்லும்போது எல்லோருக்கும் முன்னால் "ஆர் சொன்னது? இவன்தானே சொன்னான்?" என்று கேட்டால், அந்த வருடம் முழுக்க ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

ஒத்துணர்வைப் பாடமாகப் படிப்பிக்க முடியுமா?

காலைக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசி முடியாது. வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு எப்போது முடியும் என்பதுதான் எண்ணம். அன்பைப் பற்றி எழுதும் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெறுகிற பிள்ளையே பின்வாங்கில் பட்டம் தெளிப்பதும் நாம் காணாததல்ல.

ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் உதவி உண்மையாகவே தேவைப்படும்படி வகுப்பை ஒழுங்குபடுத்த முடியும். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், இனம் பிரித்து வைத்திருந்த பாடசாலைகள் ஒன்றாக்கப்பட்டு, வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சண்டைபிடித்துக்கொண்டிருந்தபோது, உளவியலாளர் எலியட் அரன்சன் இதைச் செய்தார். கையுயர்த்திப் போட்டிபோடும் முறையை எடுத்துவிட்டுப் பாடத்தைத் துண்டுகளாக்கினார். குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சோதனை முழுப் பாடத்திலும் வரும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் அவன் வைத்திருக்கும் துண்டு உங்களுக்குக் கிடைக்காது.

எங்கள் ஊருக்கு இதை எப்படிக் கொண்டுவரலாம்? மட்டக்களப்பு வாவியை எடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவருக்கு வாவியின் அமைப்பு: 56 கிலோமீற்றர் நீளம், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடும் வாய்கள். ஒருவருக்குப் பாலங்கள்: 1924இன் பழைய கல்லடிப் பாலம், 2013இல் பக்கத்தில் வந்த புதியது, 2014இல் திறந்த மண்முனைப் பாலம். ஒருவருக்கு மீனும் இறாலும், தோணியும் வலையும். ஒருவருக்குக் கரையோரக் கண்டல் மரங்கள். ஐந்தாமவருக்கு, பாலம் வருமுன் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவையில்) ஏறி ஆறு கடந்த மனிதர்களின் கதை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போன அனுபவம் உள்ள அம்மப்பா யார் வீட்டில் இருக்கிறார்? அந்தப் படுவான்கரைப் பிள்ளையின் வீட்டில்தான். அன்றைக்கு அவளுடைய பேச்சை நாலுபேர் குனிந்து எழுதிக்கொள்வார்கள், பழித்துக் காட்ட நேரமிருக்காது.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் தடவை அவளுக்கே மீண்டும் படுவான்கரைத் துண்டைக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஊர்க் கண்காட்சிப் பொருளாகிவிடுவாள். அடுத்த முறை பின்னம் கொடுங்கள், மின்சுற்றுக் கொடுங்கள். ஒரு தடவை செய்துவிட்டு 'பலன் இல்லை' என்று விடுவதும் வழக்கம். முதல் இரண்டு மூன்று முறை சத்தமும் சண்டையும்தான் இருக்கும். கிழமைக்கு ஒரு பாடவேளை என்று ஒரு தவணை முழுக்கக் கொண்டுபோங்கள்.

ஆரம்ப வகுப்புகளுக்கு வேறு வழியும் உண்டு. ரொறன்ரோவில் மேரி கோர்டன் 1996இல் தொடங்கிய முயற்சியில், ஒரு கைக்குழந்தையும் தாயும் வருடம் முழுக்க வகுப்புக்கு வந்துபோகிறார்கள். ஏன் அழுகிறது, இப்போது என்ன வேண்டும் என்று பிள்ளைகள் ஊகிக்கப் பழகுகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்ப்பவர்கள். அதை வகுப்பில் பேச வைத்தாலே போதும்.

பாடத்திட்டமே முடியவில்லை. இதற்கு நேரம் எங்கே?

வாவிப் பாடம் பாடத்திட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. குடியுரிமைக் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், தமிழ் மூன்றிலும் இடமுண்டு. தனிப் பாடவேளை கேட்காதீர்கள், அதிபர் தரமாட்டார்.

யார் தனித்திருக்கிறார்கள் என்று எப்படி அறிவது?

சின்னத் துண்டுத் தாளில் "யாரோடு பக்கத்தில் இருக்க விருப்பம், மூன்று பெயர்" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். ஜேக்கப் மொரேனோ 1930களில் உருவாக்கிய முறை இது. எவர் தாளிலும் வராத பெயர்தான் நீங்கள் தேடும் பெயர். "யாரோடு இருக்க விருப்பமில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள், இடைவேளைக்குள் அது வகுப்பெல்லாம் பரவிவிடும். தாள்களை மேசை லாச்சியில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பிறகு இருக்கை மாற்றும்போது, அந்தப் பிள்ளை எழுதிய மூன்று பெயரில் ஒருவரை அவரருகில் இருத்துங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

நாடகமும் கூத்தும் இதற்கு உதவுமா?

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்கு இல்லையென்று யார் சொல்வார்கள்? ஆனால் எப்படி என்பதில் கவனம் வேண்டும்.

வழக்கமாக நடப்பது இது: ஆசிரியர் தினத்துக்கோ சிறுவர் தினத்துக்கோ ஒரு நாடகம். கெட்ட பிள்ளை சீண்டுகிறான், நல்ல பிள்ளை அழுகிறான், அதிபர் வேடத்தில் ஒருவர் வந்து புத்தி சொல்கிறார், கெட்ட பிள்ளை திருந்துகிறான், திரை. பார்ப்பவர்கள் ரசிப்பது சீண்டும் காட்சியைத்தான், அதில்தானே பகிடி இருக்கிறது.

பிரேசிலின் ஒகுஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில் நாடகம் இடையில் நிற்கும். பார்ப்பவரில் ஒருவர் எழும்பி வந்து ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்து வேறுவிதமாகச் செய்து காட்டுவார். வகுப்பறையில் பதினைந்து நிமிடக் காட்சி போதும். நான் சொல்லும் திருத்தம்: சீண்டப்படும் பாத்திரத்தை மாற்றச் சொல்லாதீர்கள். "நீ இப்படிச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம்" என்று பழி அந்தப் பிள்ளையிடமே போய்ச் சேரும். பக்கத்தில் நின்று சிரிக்கும் பாத்திரத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக எழும்பி வந்து அந்த இடத்தில் நிற்கட்டும். ஒருவன் சிரிக்காமல் நிற்பான், ஒருத்தி பந்துக்குக் கூப்பிடுவாள், இன்னொருத்தி ரீச்சரிடம் ஓடுவாள். எது நடக்கக்கூடியது என்று அவர்களே பிடுங்குப்படுவார்கள். வகுப்பில் உண்மையாக நடந்த சம்பவத்தை எடுக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாதிக்கப்பட்டவராகவே நடிக்க வைக்கவே வேண்டாம்.

கூத்துப் பழகும் பாடசாலைகளில் இன்னொரு வாய்ப்பு. களரியில் (கூத்தாடும் இடத்தில்) ராசா வேடம் யாருக்கு என்பதில் ஊர்களில் பழைய வழக்கங்கள் உண்டு, அவற்றில் உயர்வு தாழ்வும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்துக் கலைஞர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம், பழைய கதையையும் பாத்திரத்தையும் ஊரார் கூடியிருந்து கேள்வி கேட்கலாம் என்று காட்டியது. பிள்ளைகளோடும் அதைச் செய்யலாம். இம்முறை ராசா யார், ஏன் அவன்? இன்னொன்றும் கண்டிருக்கிறேன்: மற்றவர்களைப் பழித்துக் காட்டுவதில் கெட்டிக்காரனுக்கு, ராசாவின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வேடம் கொடுத்தால், அந்த வாய்க்கு ஒரு வேலை கிடைக்கிறது. எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. சிலருக்குப் பார்வையாளர் முன்னால் நிற்கும் பசிதான் சீண்டலாக வெளிவருகிறது.

தாளைக் கசக்கிக் காட்டுவது, கண் நிறத்தை வைத்துப் பிரிப்பது போன்ற பயிற்சிகள்?

தாளைக் கசக்கிவிட்டு "மடிப்புப் போகாது, மனமும் அப்படித்தான்" என்று சொல்வது ஒரு நாளைக்கு உருக்கமாக இருக்கும். அடுத்த நாள் பிள்ளைகள் அந்த வசனத்தை ஒப்புவிப்பார்கள். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அதோடு, சீண்டப்பட்ட பிள்ளைக்கு "நீ இனி நேராக மாட்டாய்" என்றும் அது சொல்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

கண் நிறப் பயிற்சி வேறு. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஆசிரியை ஜேன் எலியட் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக் கண், மண்ணிறக் கண் என்று பிரித்து, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி நடத்திக் காட்டினார். உலகப் புகழ்பெற்றது, கடும் கண்டனத்தையும் பெற்றது. போரைக் கண்ட ஊர்களில் பிள்ளைகளைப் பிரித்துத் தாழ்த்திப் பார்க்கும் எந்த விளையாட்டையும் செய்யாதீர்கள். பிரிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

சம்பவம் நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

இருவரையும் முன்னால் கூப்பிட்டு, கைகுலுக்க வைத்து, "இனி நண்பர்கள்" என்று முடிக்காதீர்கள். பலம் சமமில்லாதபோது அது சமாதானமாகாது. வெளியே போனதும் "சேரிட்டச் சொன்னாய் என்ன?" என்று தொடங்கும்.

சுவீடனின் உளவியலாளர் அனற்றோல் பீக்காஸ் சொல்லிவைத்த முறை எனக்குப் பிடித்தது. சீண்டிய கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஒருவரோடொருவர் பேச இடம்கொடாமல், ஒரே பாடவேளைக்குள் கூப்பிட்டுப் பேசுவது. குற்றம் சாட்டித் தொடங்காமல் "அந்தப் பிள்ளைக்கு இப்போது கஷ்டம் என்று தெரிகிறது. நீ என்ன கண்டாய்? நீ என்ன செய்யலாம்?" என்று கேட்பது. கூட்டமாக நிற்கும்போது கல்லாக இருக்கும் பிள்ளை தனியே இருக்கும்போது இளகும். பிள்ளையே சொன்ன வேலையைச் செய்ததா என்று ஒரு கிழமைக்குப் பிறகு கேளுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் தனியே பேசி, அவர் கேட்காத எதையும் செய்யமாட்டேன் என்று உறுதி கொடுங்கள். உடம்புக்கு ஆபத்தானது, பாலியல் சம்பந்தமானது என்றால் இந்த உறுதி பொருந்தாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திகதி, இடம், யார் யார் நின்றார்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு அடி கொடுத்தால் நிற்குமே?

உங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பலமுள்ளவர் பலமில்லாதவரைத் தொடலாம் என்ற பாடத்தைப் பிரம்பு இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும்.

சட்டமும் உங்களோடு இல்லை. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவதாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

சீண்டுவதே ஆசிரியர் என்றால்?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தயங்கத் தேவையில்லை. பிள்ளையின் பட்டப்பெயர்களில் சில ஆசிரியர் வாயிலிருந்தே பிறக்கின்றன. கரும்பலகைக்கு முன்னால் ஒரு தடவை "கிறுக்கன்" என்று சொன்னால், நாற்பது பேருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தாயிற்று. சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: ஒத்துணர்வுப் பாடம் தொடங்குமுன், வகுப்பில் நீங்கள் யாரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு கிழமை கவனியுங்கள். பெற்றோருக்கு: பிள்ளையை வைத்துக்கொண்டு வாக்குவாதப்படாமல் அதிபரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வெவ்வேறு பாடசாலையில். ஒத்துணர்வு வகுப்பில் இன ஒற்றுமையையும் பேசவா?

முதலில் பக்கத்து வாங்குப் பிள்ளை. அவனைச் சீண்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பிள்ளையைப் பற்றி ஒற்றுமைப் பாட்டுப் பாடுவது மேடைக்கு மட்டும்தான் உதவும்.

ஆனாலும் விட்டுவிடக் கூடாது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இரு பக்கப் பிள்ளைகளும் சந்திப்பது ரியூசனில், விளையாட்டுப் போட்டியில், பஸ்ஸில். பேர் வைத்துச் சீண்டுவதும் அங்கேதான். சேர்ந்து இருத்திப் பேச வைப்பதைவிடச் சேர்ந்து ஒன்றைச் செய்ய வைப்பது பலன் தரும். மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நடந்தது அதுதான். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் மாதக்கணக்கில் வந்து, மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் சேர்ந்து விளையாடினார்கள். ஒருநாள் பரிமாற்றப் பயணத்தில், படமெடுத்துப் பதாகை பிடித்து, மாலை பஸ்ஸில் ஏறி வருவதோடு முடிவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

வட்ஸ்அப் குழுவில் நடப்பதற்கு நாங்கள் என்ன செய்ய?

2020இல் பாடங்கள் போனுக்கு மாறியபோது குழுக்களும் வந்தன. வகுப்புப் பிள்ளையின் படத்தை ஸ்ரிக்கராக்கி ஓட்டுவது, ஒருவரை மட்டும் நீக்கிவிட்டு வேறு குழு தொடங்குவது எல்லாம் நடக்கிறது. அழிக்கச் சொல்லுமுன் படமாகப் பிடித்து வையுங்கள், சான்று அதுதான். பிள்ளையின் போனைப் பறிப்பது தண்டனையாகப் பாதிக்கப்பட்டவருக்கே போய்ச் சேரும். அடுத்த தடவை வீட்டில் சொல்லமாட்டார். நிர்வாண அல்லது அப்படி ஆக்கப்பட்ட படமென்றால் யாருக்கும் அனுப்பாமல், உடனே பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம்.

பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஞாயிறு பின்னேரம் வயிற்றுவலி, கொப்பி கிழிந்து வருவது, சாப்பாட்டுக் காசு அடிக்கடி தொலைவது, பஸ்ஸை மாற்றிப் போவது. "யாராவது அடிச்சதா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "இடைவேளையில் யாரோட இருந்த?" என்று கேளுங்கள். பல நாள் பதில் வராவிட்டால் வகுப்பாசிரியரைப் பாருங்கள். தூக்கம் கெடுவது, தன்னைக் காயப்படுத்துவது, வாழ விருப்பமில்லை என்று பேசுவது எதையும் வயதுக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது.

பாடசாலை கேட்கவில்லை என்றால் யாரிடம் போவது?

வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர். இதற்கு வெளியே, உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளையும் தானாக அழைக்கலாம். அரச பாடசாலை ஆசிரியர் அடித்தது போன்ற விடயத்துக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதக் காலக்கெடு உண்டு என்பதால் தவணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என் பிள்ளைதான் சீண்டுகிறான் என்று பாடசாலையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது?

"என்ட மகன் அப்படிச் செய்ய மாட்டான்" என்று தொடங்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் எந்த நாள், எங்கே, என்ன சொன்னான் என்று கேட்டு வாருங்கள். வாப்பாவோ அப்பாவோ வந்து பெல்ட்டைக் கழற்றுவதால் அவன் நிறுத்தமாட்டான், ஆள் பார்க்காத இடத்துக்கு மாற்றுவான். அவனை யார் சீண்டுகிறார்கள் என்றும் பாருங்கள். மூத்த அண்ணனா, மச்சானா, ரியூசன் பொடியன்களா? வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாருடைய நிறத்தையும் ஊரையும் வைத்துப் பகிடி ஓடுகிறது என்பதும் அவன் காதில் விழுகிறது. மன்னிப்புக் கேட்க வைக்கவென்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், அந்த வீட்டுக்கு அது இன்னொரு பயம். அவன் பறித்த பேனையோ பணமோ இருந்தால் அவன் கையாலேயே வகுப்பாசிரியரிடம் கொடுக்க வையுங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே பாடசாலைக்குப் போய், இப்போது எப்படி என்று கேளுங்கள். பெரும்பாலான பெற்றோர் இந்த இரண்டாம் தடவைதான் போவதில்லை.